ஹெஸ்டரின் பண்ணையாள்

கார்விக் குடும்பத்தில் பிறந்த எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். முதல் பாட்டனார் ஜோசையா இடுப்பில் வாளோடு கப்பலிலிருந்து இறங்கினாராம். அவருடைய தோரணையைப் பார்த்தே அன்று அந்தக் குடியேற்ற நாட்டை ஆண்ட ஆங்கிலேயப் பிரபு அறுநூறு ஏக்கரை எழுதிக் கொடுத்தாராம். அமெரிக்காவின் மேரிலாந்தில், செஸ்டர் ஆற்றங்கரையில் இருந்த அந்த நிலத்தில் இன்று மிச்சம் பதினொரு ஏக்கரும் ஒரு செங்கல் வீடும்தான். பெருமையில் மட்டும் ஒரு ஏக்கர்கூடக் குறையவில்லை.

அந்தப் பெருமைக்குக் காவல் ஆகஸ்டா அத்தை. வயது எண்பத்து மூன்று. ஆண்டுதோறும் ஆகஸ்டில் குடும்பத்தைக் கூட்டுவது அவள்தான். இந்த முறை குடும்ப வரலாற்றை எழுதி வாசிக்கும் வேலையை, பள்ளிப் பேருந்து ஓட்டும் தன் அண்ணன் மகள் லோரெட்டாவிடம் கொடுத்தாள்.

"கணீர்னு வாசிக்கணும். வாளை விட்டுடாதே."

குளிர்காலச் சனிக்கிழமைகளையெல்லாம் அனாபலிஸ் ஆவணக் காப்பகத்தில் கழித்தாள் லோரெட்டா. வாள் கிடைக்கவில்லை. கிடைத்ததை நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது.

கூட்டத்தன்று எழுபது பேர். செய்தித்தாள் விரித்த நீள மேசைகளில் மசாலா மணக்க ஆவி பறக்கும் நண்டுகள். ஓடு உடைக்கும் மரச்சுத்தியல்களின் டொக் டொக் சத்தம். லோரெட்டா சித்தப்பா மகன் டெல்பர்ட்டின் காதைக் கடித்தாள்.

"பழைய கதையையே சொல்லிட்டு உக்காந்துடட்டுமா?"

"உக்காரு. அப்புறம் ஆயுசு பூரா இதை நெஞ்சுல வச்சுக்கிட்டே பஸ் ஓட்டு."

எழுந்து வாசித்தாள். நிலம் ஜோசையாவுடையதே அல்ல. ஹெஸ்டர் என்ற விதவையுடையது. கப்பலில் வந்த கூலி ஆட்களில் ஒருவனான ஜோசையாவை, அன்று பணமாகவே புழங்கிய புகையிலையைக் கொடுத்து ஏழு வருஷ ஒப்பந்தத்தில் எடுத்தவள் அவள். மூன்று வருஷம் முடிந்ததும் அவனையே கல்யாணம் செய்துகொண்டாள். பக்கத்துத் தோட்டத்துப் பன்றியைக் கொன்றுவிட்டு அவன் நீதிமன்றத்தில் திருதிருவென்று விழித்து நின்றபோது, பேசியதும் அவள்தான்: "இவன் என் ஆள். இவனைத் திட்டுறதை நான் பாத்துக்கிறேன். நீங்க அபராதத்தை மட்டும் சொல்லுங்க."

சுத்தியல்கள் நின்றன. ஆகஸ்டா அத்தை கைத்தடியை ஊன்றி எழுந்தாள்.

"அப்ப வாள்?"

"வாள் எங்கேயும் இல்ல அத்தை. மண்வெட்டிதான் இருக்கு. அதுவும் அவ பேர்ல."

"ஏழு வருஷத்துல மூணுதான் முடிச்சிருந்தானா?"

"ஆமா."

"பாக்கி நாலு வருஷத்தை ஆயுள் முழுக்க ஆக்கிட்டா பாரு! கெட்டிக்காரி!"

அத்தையின் தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரர் நாப்பது வருஷமா கேட்டுக்கிட்டே இருந்தாரு, இந்த வாய் உனக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு. பதில் தெரியாமலே போயிட்டாரே மனுஷன்!"

அவ்வளவுதான், எழுபது பேரும் வெடித்துச் சிரித்தார்கள். டெல்பர்ட்டின் மனைவி எழுந்து நின்று கணவனைப் பார்த்து, "உங்க ஒப்பந்தமும் இன்னும் முடியலை, ஞாபகம் இருக்கட்டும்!" என்று கத்தினாள். வீட்டு வாசல் பெயர்ப்பலகையில் இனி ஹெஸ்டர் பெயர்தான் முதலில் என்று அங்கேயே கைதூக்கி முடிவு செய்தார்கள்.

அத்தை லோரெட்டாவைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஒரு பெரிய நண்டைத் தானே உடைத்து, சதையை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். இதுவரை யாருக்கும் அவள் அப்படிச் செய்ததில்லை.

ஒஹையோ மாநிலத்துச் சொந்தக்காரர்கள் தாமதமாக வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்காக லோரெட்டா மறுபடி வாசித்தாள். பன்றிக் கட்டம் வந்தபோது, "இரு, இரு, இதை நான் சொல்றேன்" என்று அத்தை காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.