பாதி வேகம்

எம். புதுப்பட்டியிலிருந்து சோலையம்மாள் ஆட்டோவில் கொண்டுவந்த கம்ப்யூட்டர், மகன் முனியராஜ் ஆசையாசையாகச் சேர்த்தது. போன ஆடியில் பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறை வெடித்ததில் அவன் போய்விட்டான். இப்போது சோலையம்மாளின் மகள் அதில் கேம் ஆடினால் படம் திக்கித் திக்கி நிற்கிறதாம்.

இசைவாணி தன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் கேமை ஓடவிட்டுப் பார்த்தாள். உயர்ந்த ரக கிராபிக்ஸ் கார்டு வேலையில்லாமல் காத்துக்கிடக்க, பிராசசர் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. பழசாக இருக்குமென்று பார்த்தால், அதுவும் புதுசு. முனியராஜே செட்டிங்கில் அதன் வேகத்தைப் பாதியாகக் குறைத்திருந்தான். நல்ல குதிரையை வாங்கிக் காலைக் கட்டிப்போட்ட மாதிரி, அவளுக்கு எரிச்சல் வந்தது.

“ஏம்மா இப்படிச் செஞ்சாரு? வேகத்தைக் கூட்டிருவமா? கொஞ்சம் சூடாகும், அம்புட்டுதான்.”

சோலையம்மாள் முகம் மாறிற்று.

“என்னாலதான் தாயி. ஒருநா பெட்டியைத் தொட்டேன், கொதிச்சுச்சு. மருந்து சூடானா எந்திரிச்சு ஓடுறவக நாங்க. அமத்துலே, அணைச்சுப் போடுன்னு கத்துனேன். மறுநாள்லருந்து சூடே இல்ல. இப்படிப் பண்ணித்தான் ஆடுனான்னு இப்பத்தான் தெரியுது.”

இசைவாணி மவுசிலிருந்து கையை எடுத்தாள்.

“கூட்டவா, வேண்டாமாம்மா?”

சோலையம்மாள் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

“இப்படியே இருக்கட்டும். அன்னைக்கு அந்த மருந்து அறையில தொட்டுப் பாக்கத்தான் நான் இல்லாமப் போயிட்டேன்.”