பிறந்த வீட்டுக் கோடி

வசந்தாவைக் குளிப்பாட்டத் தூக்கிய தண்ணீர்க் குடத்தை அன்னம்மாள் மறித்துக் கீழே வைத்தாள்.

"பொறந்த ஊட்டுக் கோடி எங்கடா? அது வராம எப்டித் தண்ணி ஊத்துறது?"

பரந்தாமன் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. சுமங்கலி இறந்தால், கூடப்பிறந்தவன் கொண்டுவரும் புதுத்துணியைப் போர்த்தித்தான் அனுப்புவார்கள். அவன் மனைவி வசந்தாவுக்கு இருந்தது ஒரே அண்ணன். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது அவனும் ரயிலேறினான். எங்கே இறங்கினானோ!

ராயபுரத்திலிருந்து மாட்டுவண்டியில் பூந்தமல்லி வந்து நின்ற பரந்தாமனுக்கு, கயிற்றுக் கடை ஷவுகத் அலி தன் கிடங்கையே ஒழித்துக் கொடுத்தார். காய்ச்சலில் விழுந்த வசந்தாவுக்குக் கடைசிவரை கஞ்சி வந்ததும் அவர் வீட்டிலிருந்துதான். வாய் நிறைய அவரை "அண்ணே" என்பாள்.

"தந்தி குடுக்கலாம்னா எந்த ஊருக்குக்கா குடுக்கறது?"

"அதுக்கு? நாதியத்தவளாட்டம் அனுப்புவியா?"

வாசலில் நின்ற ஷவுகத் அலி சட்டென்று கடைத்தெருப் பக்கம் நடந்தார். திரும்பியபோது கையில் புதுத்துணி. பளீரென்ற வெள்ளை.

"இன்னா பாய் இது? தாலியோட போறவளுக்கு வெள்ளையா?"

"எங்கள்ல வெள்ளதான்க்கா போத்துவோம்..." அவர் துணியை மறுபடி மடிக்கப் போனார்.

"கயிறு விக்கத் தெரிது, ஒரு துணி வாங்கத் தெரில!" என்று அதட்டிக்கொண்டே அவர் மனைவி ரசூல் பீவி துணியைப் பிடுங்கினாள். குளிப்பாட்ட அரைத்து வைத்திருந்த மஞ்சளில் பாதியைத் தொட்டித் தண்ணீரில் கரைத்தாள். "முக்குங்க!"

ஷவுகத் அலி முக்கினார். கயிறு முறுக்கிய கைகள் துணியை முறுக்கிப் பிழிந்தன. உதறியபோது முற்றமே மஞ்சளானது.

ரசூல் பீவி அதை அன்னம்மாளிடம் நீட்டினாள். அன்னம்மாள் வாங்கவில்லை.

"என்னாண்ட குடுக்காதம்மா. அண்ணங்காரன்தான் போத்தணும்."

குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

குளிப்பாட்டி முடித்துக் கூப்பிட்டார்கள். ஷவுகத் அலி துணியோடு தயங்கி நின்றார். வந்த நாளிலிருந்து பரந்தாமனை அவர் "அண்ணாத்தே" என்றுதான் கூப்பிடுவார்.

"போத்தட்டுமா மச்சான்?"

பரந்தாமன் தலையசைத்து வழிவிட்டான்.

சுடுகாட்டிலிருந்து திரும்பியபின், கிணற்றடியில் ஷவுகத் அலி தொழுகைக்குக் கை கழுவ உட்கார்ந்தார். பரந்தாமன் தண்ணீர் மொண்டு ஊற்றினான். தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் விரலிடுக்கில் மஞ்சள் போகவில்லை. பரந்தாமன் மறுபடி வாளியைக் கிணற்றில் விடப் போனான்.

"வுடு மச்சான். இருக்கட்டும்."

அந்தக் கைகளோடே பள்ளிவாசலுக்கு நடந்தார்.