மைக் டெஸ்டிங்

கல்லூரிப் போராட்டக் குழுவில் 'ஒயர்' என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணுக்குக் கொடுத்திருந்தது பெரிய பதவிதான். மைக் செட்டைக் கட்டிச் சோதித்து, தலைவர் வந்ததும் அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். மற்ற பெண்களுக்குக் கோஷ அட்டை எழுதுவதும் டீ ஊற்றுவதும். பேச்சாளர்கள் பதினோரு பேர். பதினோரு பேருக்கும் மீசை இருந்தது, அல்லது வந்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தது.

அவள் அப்பா மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். அதனால்தான் இயற்பியல் இறுதியாண்டு மாணவிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கோரிக்கைகளும் பதினொன்று. பெண்கள் விடுதிக் கதவை மாலை ஆறு மணிக்குப் பூட்டக் கூடாது என்பது கடைசி. ஆய்வகத்தில் ஒயரின் முறை தினமும் ஏழு மணிக்கு. அந்நேரம் அவள் பூட்டுக்குள் இருப்பாள். கூட்டாளிப் பையன் கருவியில் அளவெடுப்பான், மறுநாள் இவள் அதை நோட்டில் அழகாக எழுதித் தருவாள். இன்னும் பத்து நாளில் ஆய்வே முடிந்துவிடும். தன் கையால் ஒரு அளவுகூட எடுக்காமல் பட்டம் வாங்குவதை நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தலைவரே, நம்ம கோரிக்கையக் கொஞ்சம் மேல ஏத்துங்களேன்."

"மொதல்ல பொதுப் பிரச்சினை தங்கச்சி. ஒங்க விஷயத்த அப்புறம் பாத்துக்கலாம். நான் சட்டை மாத்திட்டு வந்துடறேன், நீ மைக்கப் பாத்து வை."

பாத்து வைத்தாள். ஒரு ஒலிபெருக்கிக் குழாயைக் கல்லூரி முதல்வரின் ஜன்னலைப் பார்த்துக் கட்டினாள், இன்னொன்றை விடுதியைப் பார்த்து.

"ஹலோ, மைக் டெஸ்டிங். ஒண்ணு, ரெண்டு, மூணு."

எண்ணினால் மட்டும் போதாது, நாலு வாக்கியம் நீளமாகப் பேசினால்தான் எங்கே இரைகிறது என்று தெரியும் என்பார் அப்பா. என்ன பேசுவது? மனதில் இருந்ததே வாயில் வந்தது.

"ஆறு மணிக்குக் கதவப் பூட்டறாங்க. ஏழு மணிக்கு எனக்கு லேப். அளவெடுக்கறது யாரோ, எழுதிக் குடுக்கறது நானு. அப்புறம் எதுக்குங்க எனக்குப் பட்டம்? ஹலோ, கேக்குதா?"

"கேக்குது!" என்றது விடுதி மாடி. "சத்தத்தக் கூட்டு!"

கூட்டினாள். பெண்கள் தடதடவென்று இறங்கி வந்தார்கள். டீ ஊற்றியவர்கள் கரண்டியை வைத்துவிட்டு வந்தார்கள். மைக் கைமாறிக்கொண்டே இருந்தது. கால்மணி நேரத்தில் மைதானம் நிரம்பிவிட்டது.

முதல்வர் மூச்சிரைக்க வந்தார். "கூட்டம் நாலு மணிக்குன்னுதானே சொன்னீங்க?"

"இது டெஸ்டிங்தான் சார்."

"டெஸ்டிங்கே இப்படியா!" நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரிம்மா, இன்னிலேர்ந்து ஒம்பது மணிக்குப் பூட்டச் சொல்றேன்."

"எழுதிக் குடுத்துடுங்க சார்." ஒயர் ஒரு அட்டையின் பின்பக்கத்தை நீட்டினாள். அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தலைவர் புதுச் சட்டையும் பதினோரு பக்க உரையுமாக வந்தபோது அவருக்கு நிற்க இடமில்லை.

"என்ன, ஆரம்பிச்சிட்டீங்களா?"

"எங்க விஷயம் முடிஞ்சே போச்சு தலைவரே. மிச்சம் பத்து இருக்கு, பேசுங்க. மைக் நல்லா வேல செய்யுது. பேசி முடிச்சிட்டுக் குழாய அவுத்து வெச்சிடுங்க. ஏழு மணிக்கு எனக்கு லேப்."

ஆய்வகத்தில் கூட்டாளி வழக்கம்போல் கருவியின் முன் உட்கார்ந்திருந்தான்.

"எந்திரிப்பா," என்று நோட்டை அவனிடம் நீட்டினாள். "இன்னிக்கு நீ எழுது."

சந்தோஷத்தில் அவசரப்பட்டதால் முதல் அளவு தப்பாகிப் போனது. தானே அதை அடிக்கச் சொல்லிவிட்டு, மறுபடி எடுத்தாள்.