சாலம்மாள் போட்ட வெளிச்சம்

பெரிய முதலியார்சாவடியில் நடந்த நாடகத்தில், கல்யாணப் பெண் அழுதுகொண்டே பேசும் இடத்தில் அவள் முகத்தில் விழவேண்டிய வெளிச்சம் அவளுடைய மாமனார் மேல் விழுந்தது. மாமனாராக நடித்த அந்தோணிசாமி, இருட்டுதானே என்று மேடை ஓரத்தில் நின்று வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் சிரித்த சிரிப்பில் பெண்ணின் வசனம் ஒன்றுகூட யாருக்கும் கேட்கவில்லை.

"சுவிட்சு எட்டும் ஒரே மாதிரி இருக்குதும்மா, நான் என்ன பண்றது?" என்றான் மணிவண்ணன். மரக்காணத்தில் சவுண்ட் சர்வீஸும் சீரியல் செட்டும் வைத்திருப்பவன். குழுவில் வெளிச்சம் அவன் பொறுப்பு. ஒரு பலகையில் எட்டு சுவிட்சைப் பொருத்தி, அதை வைத்துத்தான் விடியலும் அந்தியும் இடியும் காட்டிக்கொண்டிருந்தான்.

குழுவில் பதினொரு பேர். பாதிக்கு மேல் உப்பளத்தில் வேலை செய்பவர்கள். நாடகத்தை எழுதி இயக்கியவள் வினோதினி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பயிற்சி மையத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவள். நாடகத்தின் பெயர் 'மழைச் சம்பந்தம்'. உப்பளத்துக் குடும்பத்துப் பெண்ணை விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுக்கிறார்கள். மாமனார் மழை வேண்டும் என்று பொங்கல் வைக்கிறார். பெண்ணின் அம்மா மழை வேண்டாம் என்று விளக்கேற்றுகிறாள். ஒரே வானத்தைப் பார்த்து இரண்டு சம்பந்திகளும் போடும் சண்டைதான் கதை. அதனால் வானம் எப்படி இருக்கிறது என்பதை வெளிச்சம்தான் சொல்ல வேண்டும். வெளிச்சம் தப்பினால் கதையே தப்பிவிடும்.

அடுத்த மாதமே ஒரு நல்லது நடந்தது. குயிலாப்பாளையம் பக்கம் ஒரு அரங்கத்தில் விளக்குகளை மாற்றினார்கள். பழைய எல்இடி விளக்குகள் எட்டையும் ஒரு சிறிய டப்பாவையும் வினோதினியிடம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு தீப்பெட்டியை ஒட்டிவைத்த அளவு டப்பா. அதன் ஒரு பக்கம் லேப்டாப்பில் செருக வேண்டும்; மறுபக்கத்திலிருந்து விளக்குகளுக்குக் கேபிள் போகும். ஒவ்வொரு விளக்கும் எந்த நிறத்திலும் எரியும், எவ்வளவு மெதுவாகவும் மங்கும்.

"இதை எந்த சாஃப்ட்வேர்ல ஓட்டணும்?" என்று கேட்டதற்கு, "அது உங்க இஷ்டம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து பிரம்மதேசம் கிராமத்தில் நாடகம் போட இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஒத்திகை நடப்பது உப்பு மூட்டை அடுக்கும் கொட்டகையின் காலிப் பாதியில். சாயங்காலம் ஆறரைக்கு அங்கே இரண்டு சாஃப்ட்வேர்கள் போட்டிக்கு வந்தன. ஒன்று, மணிவண்ணன் புதுச்சேரியில் ஒரு நண்பனிடமிருந்து பென் டிரைவில் கொண்டுவந்தது. திறந்தவுடனே திரையில் ஒரு மேடை சுழன்றது. விளக்குகள் கதிர் கதிராக வீசின. அவன் ஒரு பட்டனைத் தொட, கொட்டகை முழுக்க ஊதாவும் பச்சையும் ஓடி உப்பு மூட்டைகள் எல்லாம் ஆடுவதுபோல் இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"மாப்பிள்ளை மாதிரி இருக்குதுப்பா" என்றார் அந்தோணிசாமி. அன்றிலிருந்து அதற்கு 'மாப்பிள்ளை' என்றே பெயர்.

மற்றது வினோதினி இறக்கிவைத்திருந்த இலவச சாஃப்ட்வேர். சாம்பல் நிறக் கட்டங்கள், அதற்குள் எண்கள். படம் இல்லை, சுழற்சி இல்லை.

"இன்னாம்மா இது, ரேஷன் கடை பில்லாட்டம் இருக்குது?" என்றான் மணிவண்ணன்.

அதற்கும் பெயர் கிடைத்துவிட்டது.

வினோதினிக்கு ரேஷன் கடைதான் பிடித்திருந்தது. அவளுடைய லேப்டாப் ஏழு வருஷத்துப் பழசு. மாப்பிள்ளை ஓடும்போது அதன் விசிறி பிரஷர் குக்கர்போல இரைந்தது. ஆனால் விளக்கு மணிவண்ணன் பொறுப்பு, அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "சரிண்ணா, மாப்பிள்ளையவே வெச்சு முழு நாடகத்தையும் ஒரு தடவ ஓட்டிப் பாப்போம்" என்றாள்.

மறுநாள் ஓட்டிப் பார்த்தார்கள். மணிவண்ணன் இரண்டு கையாலும் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வெளிச்சமும் அரை வசனம் தாமதமாகவே வந்தது. மேடைக்குப் பக்கத்தில் வழக்கம்போல் சாலம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தேழு வயது. விடியற்காலையில் உப்பு வாரப் போய்விட்டு வருபவள். யாராவது வசனத்தை மறந்தால் மெதுவாக எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. கையில் காகிதம் வைத்துக்கொள்ள மாட்டாள். எல்லோர் வசனமும் அவளுக்கு மனப்பாடம்.

"மணி, இப்போ" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மணி, இப்போப்பா."

"தேடிகினு இருக்கேங்க்கா!"

மூன்றாம் காட்சியின் நடுவில் எல்லா விளக்கும் ஒரேயடியாக அணைந்தன. யாரும் எதையும் தொடவில்லை. திரையில் மட்டும் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நின்றது. வினோதினி படித்துப் பார்த்தாள். அந்த சாஃப்ட்வேர் அந்தக் கம்பெனியின் சொந்த டப்பாவோடு மட்டும்தான் முழுதாக வேலை செய்யும். வேறு டப்பா என்றால் இருபது நிமிஷம்தான். பிறகு மறுபடி திறக்க வேண்டும்.

மணிவண்ணன் நண்பனுக்குப் போன் போட்டான். நண்பன் எடுக்கவில்லை. இருட்டில் மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரித்தால் அவன் நொந்துபோவான் என்று எல்லோருக்கும் தெரியும். நடித்துக்கொண்டிருந்த ரேணுகா மட்டும் நிறுத்தாமல் மருமகளின் வசனத்தைச் சொல்லிக்கொண்டே போனாள். அப்போதுதான் வினோதினி அதைக் கவனித்தாள். விளக்கே இல்லாத அந்த இருட்டிலும் சாலம்மாளின் குரல் ஒவ்வொரு இடத்திலும் சரியான நொடியில் வந்துகொண்டிருந்தது. "இப்போ வெயில் ஏறணும்... இப்போ அவ மூஞ்சி மட்டும்... இப்போ இடி."

அதுவரை எந்த சாஃப்ட்வேர் நல்லது என்றே அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். யார் கைக்கு நல்லது என்று யோசிக்கவில்லை.

"அக்கா, நீங்களே விளக்கப் போடுறீங்களா?" என்று கேட்டாள்.

சாலம்மாள் சுற்றிலும் பார்த்தாள், வேறு யாரையோ கேட்கிறாள் என்பதுபோல. "நானா? ஏம்மா, எனக்கு இங்கிலீஷ்ல என் பேரே எழுதத் தெரியாது. அஞ்சாவதோட நின்னவ."

"தமிழ் படிப்பீங்கல்ல?"

"படிப்பேன்."

"அப்ப தமிழ்ல இருக்கட்டும்."

வினோதினி முதலில் மாப்பிள்ளையில் தமிழைத் தட்டிப் பார்த்தாள். கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து, பாதி எழுத்து வெறும் கட்டமாக வந்தது. பிறகு ரேஷன் கடையில் தட்டினாள். சாம்பல் கட்டத்துக்குள் 'காட்சி ஒன்று - காலை' என்று தெளிவாக நின்றது.

சாலம்மாள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். "யாரும்மா அப்படிச் சொல்லுவாங்க? 'விடியுது'ன்னு போடு."

வினோதினி மாற்றினாள். அடுத்தது 'வெயில் ஏறுது'. அதற்கடுத்தது 'மாமனார் மூஞ்சி'. பிறகு 'மாமியார் சமைக்கிறா', 'பொண்ணு தனியா', 'வானம் கருக்குது', 'இடி'. சாலம்மாள் சொல்லச் சொல்ல முப்பத்தொரு பெயர் வந்தது. ஒன்று முடிந்ததும் கீபோர்டின் கீழே இருக்கும் நீளக் கட்டையை அமுக்கினால் அடுத்தது தானே வரும். அவ்வளவுதான். சாலம்மாள் ஒரு விரலால் அமுக்கினாள். கொட்டகையில் மெதுவாக வெளிச்சம் ஏறியது. அவள் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். மறுபடி அமுக்கினாள்.

மணிவண்ணன் சிரிக்கவில்லை. "அப்ப நான் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு நாள் அவன் வரவில்லை. வினோதினி கூப்பிட்டால் "வேலை இருக்குது" என்றான். விளக்குகளைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான்; அதனால் ஒத்திகை நிற்கவில்லை. ஆனால் நிறங்களை எப்படிக் கலப்பது என்று வினோதினிக்குத் தெரியவில்லை. அவள் போட்ட விடியல் நோயாளி அறைபோல் இருந்தது.

மூன்றாம் நாள், சாலம்மாள் வேலை முடிந்த கையோடு, கணுக்காலில் உப்பு காய்ந்தபடியே மணிவண்ணன் கடைக்குப் போனாள். அவன் ஒரு ஸ்பீக்கரைப் பிரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏம்பா மணி, கோவமா?"

"கோவம்லாம் இல்லக்கா."

"வெளிச்சம் நல்லாவே இல்லப்பா. கட்டையை அமுக்குறேன், எரியுது. ஆனா உப்பளம் வரல. மஞ்சமஞ்சேள்னு கல்யாண மண்டபமாட்டம் இருக்குது. அமுக்க நான் போதும். செய்யறதுக்கு நீதான் வேணும்."

அவன் ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்தான். "உப்பளம்னா எப்படிக்கா இருக்கணும்?"

"நாளைக்கு பத்து மணிக்கு வந்து பாரு."

மணிவண்ணன் மரக்காணத்திலேயே பிறந்தவன். உப்பளத்தை ரோட்டிலிருந்து ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். ஆனால் பாத்திக்குள் இறங்கியதில்லை. மறுநாள் பத்து மணிக்கு வரப்பில் நடந்துபோனபோது கண்ணைத் திறக்க முடியவில்லை. சாலம்மாளும் இன்னும் நாலு பெண்களும் பலகையால் உப்பை இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டைப் போட்டு நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தார்கள். அப்படியும் அவர்கள் முகம் இருட்டாக இல்லை. தாடைக்குக் கீழே, மூக்குக்கு அடியில், கண்ணிமைக்குக் கீழே எல்லாம் வெள்ளையாகப் பளிச்சிட்டது.

"அக்கா, வெயிலு கீழேர்ந்து வருதுக்கா!" என்று கத்தினான்.

பெண்கள் சிரித்தார்கள். "பின்ன? இத்தன நாளு மேலேர்ந்து மட்டுந்தான் வருதுன்னு நெனச்சியா?"

அன்று ஒத்திகைக்கு அவன்தான் முதலில் வந்தான். மேலே கட்டியிருந்த எட்டு விளக்கில் மூன்றைக் கழற்றித் தரையில் வைத்து மேல்நோக்கித் திருப்பினான். ரேஷன் கடையின் எண்களோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினான். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண். கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும். வெள்ளையில் ஒரு துளி நீலம் சேர்த்தான்.

சாலம்மாள் கட்டையை அமுக்கினாள். 'வெயில் ஏறுது'. அந்தோணிசாமி கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். "டேய், கண்ணு கூசுதுடா!"

"அதான் உப்பளம்" என்றாள் சாலம்மாள்.

மணிவண்ணன் அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "பாக்கத்தான் ரேஷன் கடை. சொன்ன நம்பருக்கு சொன்ன வெளிச்சம் குடுக்குதும்மா" என்று வினோதினியிடம் சொன்னான். மாப்பிள்ளையை அவனே லேப்டாப்பிலிருந்து அழித்தான்.

பிரம்மதேசத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் மேடை. ஆவணி மாசம், வேர்க்கடலை போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர். ஏழு மணிக்கெல்லாம் மைதானம் நிறைந்துவிட்டது. மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, அதில் லேப்டாப், அதற்கு முன்னால் சாலம்மாள். புதுப்புடவை கட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால் மணிவண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கை தானாகப் போய் எதையாவது தொட்டுவிடுமோ என்று அவனுக்குப் பயம்.

முதல் இரண்டு காட்சியும் தடங்கலில்லாமல் ஓடின. உப்பளத்து வெயில் மேடையில் ஏறியபோது கூட்டத்தில் யாரோ "யப்பா" என்றது இவர்களுக்கே கேட்டது.

மூன்றாம் காட்சியில் அந்தோணிசாமிக்குத் தடம் மாறிவிட்டது. சமையலைப் பற்றிக் குறைசொல்ல வேண்டியவர், மேடை நடுவில் வந்து கையை உயர்த்தி, "அதோ பாரு, கருக்குது! வந்துடுச்சுடா மழை!" என்றார். அது ஐந்தாம் காட்சியின் வசனம். எதிரில் நின்ற ரேணுகா விழித்தாள்.

திரையில் அடுத்து நின்றது 'மாமியார் சமைக்கிறா'. அமுக்கினால் அடுப்பு வெளிச்சம்தான் வரும்.

"அமுக்குக்கா, அமுக்கு!" என்று மணிவண்ணன் காதருகில் பதறினான்.

சாலம்மாள் அமுக்கவில்லை. வரிசையில் விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே போனாள். பொண்ணு தனியா... சம்பந்தி சண்டை... வானம் கருக்குது. ஒத்திகையில் வினோதினி காட்டியிருந்தபடி அந்தப் பெயர்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் இரண்டு தட்டு தட்டினாள். வெள்ளை வெயில் மெல்ல அடங்கி மேடை முழுக்கக் கருநீலமாயிற்று. முன்வரிசையில் நாலைந்து விவசாயிகள் தங்களை அறியாமல் எழுந்து நின்றார்கள்.

ரேணுகா சுதாரித்துக்கொண்டாள். "மாமா, மழை அப்புறம் வரட்டும். சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னு சொன்னீங்களே, அதை மொதல்ல பேசித் தீர்த்துக்கோங்க!" என்று அவர் கையைப் பிடித்து அடுப்புப் பக்கம் இழுத்தாள்.

சாலம்மாளின் விரல் அதற்குள் மேலே ஏறிவிட்டது. 'மாமியார் சமைக்கிறா'. நீலம் கலைந்து அடுப்பின் செம்மஞ்சள் வந்தது.

"அடச்சே, கலைஞ்சிடுச்சே!" என்று ஒரு பெரியவர் நிஜமான ஏமாற்றத்தோடு சத்தமாகச் சொன்னார். மைதானமே வெடித்துச் சிரித்தது. அந்தோணிசாமியும் தன் தப்பு புரிந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, சாம்பார்" என்றார். அதற்கும் சிரிப்பு. இந்த முறை சிரிப்பு வசனத்தை விழுங்கவில்லை. ரேணுகா அது அடங்கும்வரை காத்திருந்து பேசினாள்.

நாடகம் முடிந்ததும் மேசையைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். ஒருத்தி திரையைப் படித்துப் பார்த்து, "தமிழ்லயே இருக்குது!" என்றாள். சாலம்மாள் எழுந்து நிற்காமல், கட்டையை அமுக்கி அமுக்கி அவர்களுக்கு விடியலும் இடியும் காட்டினாள். மணிவண்ணன் ஒரு வாத்தியாரைப் பிடித்துவைத்துக்கொண்டு, தரையில் விளக்கு வைப்பது ஏன் முக்கியம் என்று விளக்கிக்கொண்டிருந்தான்.

அந்தோணிசாமி மன்னிப்புக் கேட்க வந்தார். "தப்பு பண்ணிட்டேம்மா."

"மறக்காம அடுத்த ஊர்லயும் அதே தப்பைப் பண்ணுங்க" என்றாள் வினோதினி.

அடுத்த ஒத்திகையில் வரிசையில் முப்பத்திரண்டாவது பெயர் சேர்ந்தது. அதை வினோதினி தட்டவில்லை. சாலம்மாளே ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஐந்து நிமிஷத்தில் தட்டினாள்: 'மழை ஏமாத்துது'. அதற்கு என்ன நிறம் என்று மணிவண்ணன் கேட்டான். கொஞ்சம் சாம்பல் போதும் என்றாள் அவள். நீலம் வேண்டும் என்றான் அவன். ஒத்திகை தொடங்கி அரை மணி நேரம் ஆகியும் இருவரும் விடவில்லை. மற்ற ஒன்பது பேரும் மேடையில் இருட்டில் நின்று காத்துக்கொண்டிருந்தார்கள்.