உள்ளே போகும் கட்டைவிரல்

'டமார்!'

இரும்புப் பட்டை அடித்த பெட்டியின் மூடி விழுந்தது. என் கணவர் மெல்ச்சோர் அலறவில்லை. வாயில் துணியைக் கடித்திருந்தார். வலக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நசுங்கி ரத்தமாகக் கிடந்தன.

போடச் சொன்னது அவர். போட்டது நான்.

"அழாதே பிரியாந்தா. போய் முகத்தைக் கழுவு. வந்துடுவாங்க."

காலையிலிருந்தே திருச்சபை விசாரணைக்காரர் எங்கள் தெருவில் இருந்தார். வயடோலிட் நகரில் விவேலா என்ற நரம்பு வாத்தியம் வாசிக்கிறவர்களை வீடு வீடாகப் பிடித்து உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார். ஆண்ட்வெர்ப் நகரத்தில் தடைசெய்த வேதப் புத்தகம் படிக்கும் கூட்டத்தில் இருந்த ஒரு வாத்தியக்காரன் சில வருடங்களுக்கு முன் இங்கே தப்பி வந்துவிட்டானாம். பெயர் தெரியாது, முகம் தெரியாது. கை மட்டும் தெரியும்.

எங்கள் காஸ்டீல் நாட்டுக்காரன் வேகமாக மீட்டும்போது கட்டைவிரல் ஆள்காட்டி விரலுக்கு வெளியே நிற்கும். ஆண்ட்வெர்ப்காரனுக்கு அது உள்ளங்கைக்குள் புகுந்து, விரலுக்கு அடியில் ஓடும். மெல்ச்சோருக்கு அப்படித்தான் ஓடும். மூன்று மாதம் மாற்றிப் பழகினார். மெதுவாக வாசித்தால் வெளியே நிற்கும். வேகம் பிடித்தால் உள்ளே போய்விடும்.

"ஆள்காட்டி விரலை மட்டும் முன்னும் பின்னும் ஓட்டுங்களேன். நம்ம ஊர்ல பாதிப் பேர் அப்படித்தானே வாசிக்கிறாங்க?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அந்த விசாரணைக்காரனும் வாசிக்கத் தெரிஞ்சவன்டி. கட்டைவிரலை எங்கே ஒளிச்சு வச்சிருக்கேன்னு கேட்பான்."

அதனால்தான் பெட்டி மூடி.

கதவு தட்டப்பட்டது. விசாரணைக்காரர் கிரோஸ் உள்ளே வந்தார், பின்னாலேயே எழுத்தர். மெல்ச்சோரின் கையில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்ததும் கிரோஸ் சிரித்தார்.

"இந்த ஊர்க் கதவு, பெட்டி, கிணத்து ராட்டினம் எல்லாத்துக்கும் வாத்தியக்காரன் விரல்னா அவ்வளவு ஆசையா? இன்னைக்கு நீ மூணாவது ஆள்."

"பெட்டி பழசுங்க ஐயா," என்றார் மெல்ச்சோர். "பூட்டு சரியில்லை."

"பெட்டி பழசு. ரத்தம் புதுசா இருக்கே!"

கிரோஸ் என் பக்கம் திரும்பினார்.

"இந்த வீட்டுல ரெண்டு விவேலா சத்தம் கேட்குமாமே? எதிர்வீட்டு தொரிபியா சொன்னா."

"பொழுது போகாம ஏதோ தட்டுவேங்க ஐயா."

அவர் என் விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார். நரம்பு அறுத்துக் காய்த்த தோல். "ஏதோ தட்டுற கை இல்லையே இது. உட்காரும்மா. வாசி."

எனக்குக் குரு கிடையாது. ஆறு வருடமாக மெல்ச்சோருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் கை போன வழியில் என் கையும் போயிற்று. அவர் மூன்று மாதம் தன் கையைத் திருத்தினார். என் கையைப் பற்றி எங்கள் இருவருக்குமே நினைவு வரவில்லை.

மெதுவாக ஆரம்பித்தேன். கட்டைவிரலை வெளியே நிறுத்தினேன். மரக்குச்சி மாதிரி நின்றது.

"வேகமா," என்றார் கிரோஸ்.

வேகமாக்கினேன்.

"இன்னும் வேகமா. பிரார்த்தனையா பண்றே?"

ஜோடி நரம்புகளில் ஓட்டம் பிடித்தது. நான் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கண்ணெதிரிலேயே அது உள்ளங்கைக்குள் நழுவியது. நிறுத்தியிருக்கலாம். அதற்குள் கிரோஸின் உள்ளங்கை நரம்புகளின் மேல் விழுந்து, சத்தத்தை அடக்கிவிட்டது.

எழுத்தரின் இறகுப் பேனா தயாராக நின்றது.

மெல்ச்சோரின் துணிக்கட்டிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறக்கப்போனார். உண்மையைச் சொல்லிவிடுவார் என்று அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"இந்தக் கையைப் பழக்கிவிட்ட ஆளைத்தான் நான் தேடறேன்," என்றார் கிரோஸ், குரலை உயர்த்தாமல். "யாரும்மா உனக்குக் கத்துக்கொடுத்தது?"

நான் பர்கோஸ் நகரத்தைத் தாண்டி ஓரடி வைத்தவள் இல்லை. ஆனால் கம்பளி விற்க என் அப்பா ஆண்ட்வெர்ப்புக்குக் கப்பலேறிப் போனது ஊருக்கே தெரியும். அவர் இறந்து ஏழு வருடமாகிறது. அவரிடம் யாரும் போய்க் கேட்க முடியாது.

மெல்ச்சோருக்கு முந்திக்கொண்டு சொன்னேன்:

"எங்கப்பாகூட ஆண்ட்வெர்ப் போயிருந்தப்போ அங்கே கத்துக்கிட்டதுங்க ஐயா. இவருக்கு ஒண்ணும் தெரியாது."