ராசியில்லாத ரசிகர்

மணவாளன் கடைக்குள் வந்து கண்ணாடி பிரேம்களை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பார்வையில் ஒரு கோளாறும் கிடையாது. தெருமுனையில் திரும்புகிற பஸ்ஸின் போர்டை இங்கிருந்தே படிப்பான். சிதம்பரம் மேல வீதியில் நான் வேலை பார்க்கும் இந்தக் கண்ணாடிக் கடைக்கு அவன் வந்தால் இரண்டே விஷயம்தான் பேசுவான். ஒன்று என் வீட்டுக்காரர் சந்தியாகு, இன்னொன்று இந்தியக் கால்பந்து அணி. அன்றைக்கு இரண்டையும் விட்டுவிட்டு, தங்க நிற பிரேம் ஒன்றை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றான்.

"சொல்ல வந்தத சொல்லிட்டுப் போடா. மொதலாளி பாக்குறாரு" என்றேன்.

பிரேமைக் கழற்றி வைத்தான். "தப்பா எடுத்துக்காதக்கா. பெங்களூரு மேட்ச்சுக்கு மாமா வராம இருந்தா நல்லாருக்கும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க."

எல்லாரும் என்று அவன் சொன்னது ஒரு வேன் நிறைய ஆட்களை. பாதிப் பேர் கடலூர், பாதிப் பேர் சிதம்பரம். பேனரில் எந்த ஊர் முதலில் வர வேண்டும் என்பதில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. அதனால் பேனரே அடிக்காமல் ஒரு ரசிகர் மன்றம் நடக்கிறது. ஊரே கிரிக்கெட் பார்க்கிற காலத்தில், கொச்சி, கோவா, கொல்கத்தா என்று இந்தியா எங்கே கால்பந்து ஆடினாலும் போய்க் கத்திவிட்டு, தொண்டை கட்டித் திரும்பி வருகிறவர்கள். வேன் மணவாளனுடையது. மற்ற நாளில் அது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்.

இந்த முறை போகப்போவது பெண்கள் அணியின் ஆட்டத்துக்கு. ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. அதைவிடப் பெரிய சங்கதி, பிச்சாவரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த அறிவுமதி முதல் முறையாக இந்தியாவுக்கு ஆடப்போகிறாள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நண்டு விற்கிற தைலம்மாளின் மகள். கடலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்து, அங்கே மைதானத்தில் ஓடிப் பழகி மேலே போனவள். அவளுக்குக் கைதட்டப் போகிற வேனில் என் வீட்டுக்காரருக்கு இடம் இல்லை என்கிறான் இவன்.

காரணத்தை அவன் வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ராசி.

என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் லைன்மேன். லீவு நாளில் உள்ளூர் கால்பந்து ஆட்டங்களில் கொடி பிடித்துக்கொண்டு கோட்டோரம் ஓடுகிற லைன்ஸ்மேன். வேலையிலும் லைன், விளையாட்டிலும் லைன், நடுவில் எனக்கு எப்போது லைன் கிடைக்கும் என்று கேட்டுக் கேட்டு நான் ஓய்ந்துவிட்டேன். இந்தியா ஆடிய எத்தனையோ ஆட்டங்களுக்கு நேரில் போயிருக்கிறார். அவர் போன ஆட்டம் ஒன்றில்கூட இந்தியா ஜெயித்ததில்லை. தோற்கும், இல்லாவிட்டால் சமன் ஆகும். அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அந்தக் கம்பத்துச் சம்பவம் நடக்கும் வரைக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு வாசலில் டிவியை வைத்துத் தெருவே மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தது. முருங்கைக் கிளை ஒடிந்து லைனில் விழுந்து கரண்ட் போய்விட்டது. இவர் ஆபீசுக்குப் போன் போட்டு, அந்த லைனில் கரண்ட்டை நிறுத்தச் சொல்லி லைன் கிளியர் வாங்கிக்கொண்டு கம்பத்தில் ஏறினார். கீழே எல்லாரும் மணவாளன் போனை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் உச்சிக்குப் போகவும் இந்தியா கோல் போடவும் சரியாக இருந்தது. தெரு மொத்தமும் அண்ணாந்து கத்தியது: "எறங்காத! மாமா, எறங்காத! அங்கயே இரு!"

லைன்மேனிடம் கீழே இருந்து இறங்காதே என்று கத்தினால் அவன் என்ன நினைப்பான்? நிறுத்தி வைத்த லைனில் தவறாகக் கரண்ட்டை விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைப்பான். இவர் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் இருந்திருக்கிறார். விஷயம் தெரிந்த பிறகாவது இறங்க வேண்டியதுதானே? மாட்டார். ஆட்டம் முடிகிற வரைக்கும் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். இந்தியா ஜெயித்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் அன்றிலிருந்து சந்தியாகு பார்த்தால் தோற்கும், பார்க்காவிட்டால் ஜெயிக்கும் என்பது ஊர்ச் சட்டமாகிவிட்டது. கிண்டலாக ஆரம்பித்தது, போகப் போக அவர் டிவி முன்னால் வந்து உட்கார்ந்தால் நாலு பேர் தொண்டையைச் செருமுகிற அளவுக்கு வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"நீங்க எல்லாம் படிச்சவங்கதானடா?" என்றேன் மணவாளனிடம்.

"படிச்சா ராசி இல்லன்னு ஆயிடுமா? சும்மா மேட்ச்சுன்னா பரவால்லக்கா. அந்தப் பொண்ணுக்கு மொத மேட்ச்சு. தோத்துப் போயி திரும்ப டீம்ல எடுக்காம விட்டுட்டாங்கன்னா? மாமாகிட்ட எங்களால சொல்ல முடியல. நீயே சொல்லிடு."

அவனைத் திட்டி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. எனக்கே உள்ளுக்குள் ஒரு மூலையில் அந்தப் பயம் இருந்தது. "சரி, சொல்றேன்" என்றேன்.

பஸ்ஸில் கடலூர் வருகிற வரைக்கும் எப்படி ஆரம்பிப்பது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரு மாதமாக அவர் அந்த ஆட்டத்தைத்தான் தின்றுகொண்டிருந்தார், குடித்துக்கொண்டிருந்தார். நீலச் சட்டையை நாலு தடவை துவைத்தாயிற்று. புயல் அடித்த வருஷம் வீட்டுக்கே வராமல் கம்பம் கம்பமாக ஏறி ஊருக்கு வெளிச்சம் கொடுத்த மனிதர், அப்போதுகூட இத்தனை பரபரப்பாக இருந்ததில்லை. அந்த ஆளிடம் போய் நீ வராதே என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்குள் நுழைந்ததும் அவரே ஆரம்பித்தார். "செல்வி, அந்த ஞாயித்துக்கெழம எனக்கு டூட்டி போட்டுட்டாங்க. பெங்களூரு போக முடியாது போல."

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. ஆனால் பொய் சொல்லும்போது அவர் சுவரில் இருக்கிற ஸ்விட்ச் போர்டைப் பார்த்துதான் பேசுவார். அன்றைக்கும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லீவு சாங்ஷன் ஆயிடுச்சுன்னு போன வாரம் நீங்கதான சொன்னீங்க?"

"அன்பரசு வீட்ல ஏதோ விசேஷமாம். அவன் டூட்டிய நான் வாங்கிக்கினேன்" என்றார். பிறகு, "அந்தப் புள்ள மொத தடவ ஆடுது செல்வி. நான் போயி குறுக்க நிக்கக் கூடாது."

"ராசி கீசின்னு நம்புறது பாவம்னு சாமியார் மாதா கோயில்ல சொல்லல?"

"சொன்னாரு. பாவசங்கீர்த்தனத்துல அதையும் சொல்லிட்டேன். பாவத்துக்கு மன்னிப்பு குடுத்தாரு. ராசிய மாத்த அவரால முடியுமா?"

என் வேலை இத்தனை சுலபமாக முடிந்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அடுப்படிக்குள் போய் அழுதேன். ஊர் அவரைத் தள்ளி வைப்பதற்கு முன்னால் அவரே தள்ளி நின்றுகொண்டுவிட்டார். தான் உயிரை வைத்திருக்கிற ஒன்று நன்றாக இருக்க வேண்டுமென்று அதன் பக்கமே போகாமல் இருக்க எத்தனை பேரால் முடியும்? என்னால் முடியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்மேல் எனக்கு எவ்வளவோ கோபம் உண்டு. அன்றைக்கு அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை அவரிடம் சொல்லவும் முடியவில்லை.

மறுநாள் காலை சிதம்பரத்தில் இறங்கியதும் தைலம்மாள் பிடித்துக்கொண்டாள். நண்டுக் கூடைக்கு ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு எழுந்து வந்தாள். அவள் பெங்களூரு போவது இதுவே முதல் தடவை. வேனில் முன் சீட்டை அவளுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள்.

"யக்கா, எங்க பாப்பா போன்ல கேட்டுச்சு, லைன்மேன் மாமா வர்றாரான்னு. வர்றாருன்னு சொல்லிட்டேன்."

நான் மென்று விழுங்குவதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ராசிக் கதை அவளுக்கும் தெரியும். அவள் முகத்தில் ஏறிய கோபத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"பாப்பாவுக்குப் பன்னெண்டு வயசு இருக்கும் போது கடலூர்ல ஒரு மேட்ச்சு. ஒம்போது கோல் வாங்குச்சுங்க. மழ வேற. பாக்க வந்தவங்க எல்லாம் எந்திரிச்சுப் போயிட்டாங்க. பெத்தவ நானே பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கௌம்பப் பாத்தேன். உங்க வீட்டுக்காரு கொடியக் கக்கத்துல இடுக்கிக்கினு கை தட்டுறாரு. நல்லா ஆடுறீங்க, நல்லா ஆடுறீங்கன்னு. கொடி புடிக்கிற ஆளு ஒரு பக்கமா கை தட்டக் கூடாதாம். பெரிய ரெஃப்ரி எல்லாரும் பாக்க அவர அந்தத் திட்டு திட்டுனாரு. திட்டி முடிச்சு அந்தாளு திரும்புனதும் இவரு மறுபடியும் தட்டுறாரு."

இது எனக்குத் தெரியாது. திட்டு வாங்கியதை அவர் வீட்டில் சொல்லவே இல்லை.

"ஜெயிச்சா கை தட்டறதுக்கு பெங்களூரே இருக்குக்கா. தோத்தா அந்தப் புள்ள யாரு மூஞ்சியப் பாக்கும்? போனப் போடு அவருக்கு."

போட்டுக் கொடுத்தேன். நண்டு வாசம் அடிக்கிற கையால் என் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, பஸ் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "அண்ணே, நீங்க வரலன்னா நானும் போகல." அந்தப் பக்கம் அவர் ஏதோ சொன்னார். நான் பார்த்தா தோத்துடும்மா என்றுதான் சொல்லியிருப்பார்.

"அப்ப பாக்காதீங்க" என்றாள் தைலம்மாள். "வந்து நில்லுங்க. போதும்."

அவர் வருவது அப்படித்தான் முடிவாயிற்று. நான் போய்ச் சொன்னதும் மணவாளன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "பாக்காம எப்படிக்கா மேட்ச்சுல நிக்கிறது?" என்றான். அந்தச் சந்தேகத்தை வீட்டில் அவரே தீர்த்து வைத்தார். மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாராம். மேட்ச் முடிகிற வரைக்கும் திரும்ப மாட்டாராம். அன்பரசு தன் டூட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அவன் வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்கும் ஒரு சீட் போடச் சொன்னேன். கால்பந்தில் எனக்குப் பந்து உருண்டை என்பதைத் தவிர எதுவும் தெரியாது. ஆனால் முதுகைக் காட்டி நிற்கிற மனிதருக்கு முன்னால் பார்க்க ஒரு முகம் வேண்டும் இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேன் கிளம்பியது. மணவாளன் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான். எங்கள் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார். இரண்டும் சேர்ந்து எப்படி வேலை செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. தைலம்மாள் முன் சீட்டில் உட்கார்ந்து, வழியில் தெரிந்த ஒவ்வொரு மலையையும் காட்டி இதுதான் பெங்களூரா என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

ஸ்டேடியத்தில் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கம்பியில் முதுகைச் சாய்த்து எங்களைப் பார்த்தபடி நின்றார். மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்பது அங்கே காவலுக்கு இருப்பவர்கள் மட்டும்தான் என்பதால், ஆளாளுக்கு வந்து அவரிடம் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். கன்னடமும் தெரியாமல் அவர் பொறுமையாகக் கை காட்டினார். மற்ற நேரமெல்லாம் என் முகத்தைப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. "யாருகிட்ட பால் இருக்கு?" என்பார். "நீலச் சட்டகிட்ட" என்பேன். "நீலத்துல யாரு?" என்பார். "எல்லாம் ஒரே மாதிரிதாங்க இருக்கு" என்பேன். பல்லைக் கடித்துக்கொள்வார். கூட்டம் உச்சுக் கொட்டும்போது அவர் கழுத்து தானாகத் திரும்பப் போகும். நடுவில் கம்பியை இறுக்கிப் பிடித்து நிறுத்திக்கொள்வார்.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று மணவாளன் நகத்தைக் கடித்தான். சமன் ஆனால் போதாது. தைலம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள்.

அப்போது எங்கள் பக்கத்துக் கோட்டை ஒட்டி ஒரு பெண் பந்தோடு ஓடி வந்தாள். எனக்கு எல்லாரும் ஒரே மாதிரி தெரிந்தாலும் அந்த ஓட்டம் தெரிந்தது. அம்மாவைப் போலவே தோளை முன்னால் தள்ளிக்கொண்டு ஓட்டம். அறிவுமதி. ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தி சறுக்கி விழுந்தாள். ஸ்டேடியமே எழுந்து நின்றது. என் முகம் என்ன ஆயிற்றோ தெரியவில்லை. அவர் முகம் வெளிறிப்போயிற்று.

"என்னா? என்னா செல்வி? யாரு?"

"உங்க புள்ளதாங்க."

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடிய இமைக்குள் முழி உருண்டது. இத்தனை ஊர் சுற்றி, இத்தனை தோல்வியைத் தோளில் சுமந்து வந்த மனிதர், கைக்கெட்டுகிற தூரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ராசியாவது ஒன்றாவது என்றுதான் தோன்றியது. அவர் தோள் இரண்டையும் பிடித்தேன். "வேணாம்க்கா!" என்று மணவாளன் பின்னாலிருந்து கத்தினான். நான் அவரை மைதானத்தைப் பார்க்கத் திருப்பினேன்.

"தொறங்க" என்றேன். "தோத்தா தோக்கட்டும். கண்ணத் தொறங்க."

திறந்தார். பந்து எங்கே போயிற்று என்று நான் பார்க்கவில்லை. கம்பியோரம் பக்கத்தில் நின்று அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.