முதுகுக்கடியில் ஒரு விரிப்பு

தைத்து முடித்த அன்று சமமாகக் கிடந்த விரிப்பு, துவைத்துக் காயப்போட்டதும் குமிழ் குமிழாக எழும்பிவிட்டது. இஸ்திரி போட்டால் அடங்கும். மறுபடி துவைத்தால் எழும்பும். ஏனென்று நஃபீசாவுக்குப் புரியவில்லை.

அவளுடைய கணவர் உபைதுல்லா துபாயிலிருந்து பக்கவாதத்தோடு சீர்காழிக்கு வந்து சேர்ந்தவர். எழ முடியாது, பேச்சும் இல்லை. ஒற்றைப் போர்வை அவருக்கடியில் சுருண்டுகொள்கிறது. ரெக்சின் மெத்தையில் படுத்தாலோ முதுகு வியர்க்கிறது. அதனால்தான் பழையதும் புதியதுமான கைலித் துண்டுகளை இணைத்து, மூன்று அடுக்காகத் தைத்தாள். ஈரத்தை உறிஞ்சும், நகராது. ஆனால் குமிழ் அழுத்துகிற இடத்தில் ரத்தம் ஓடாதே. அவர் இடுப்பில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவந்திருந்தது. வீட்டுக்கு வரும் நர்ஸ் விரலால் அமுக்கிப் பார்த்தார்; சிவப்பு மறையவில்லை. இது படுக்கைப்புண்ணின் தொடக்கம், தோல் உடைந்தால் சர்க்கரை உடம்பில் ஆறாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

குமிழ்கள் எல்லாம் பழைய கைலித் துண்டுகளில்தான் எழும்பின. அவற்றைப் பிரித்து இறுக்கித் தைத்துப் பார்த்தாள். துவைத்ததும் அதே கதை.

பார்க்க வந்த நாத்தனார் ஃபஹ்மிதா விரிப்பைத் தடவினாள். "அண்ணனுக்குப் படுக்கை தைக்கச் சொன்னா, பணியாரச் சட்டி தைச்சு வச்சிருக்கீங்க மச்சி."

நஃபீசா சிரிக்கவில்லை. "அவருக்கு வலிக்குதான்னுகூட எனக்குத் தெரியல, ஃபஹ்மி. கேட்டா மேலயே பாத்துக்கிட்டு இருக்காரு."

ஃபஹ்மிதா அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. இருவருமாக, இதுவரை தொடாத நடுப்பகுதியையும் பிரித்தார்கள். அங்கே இருந்தவை புதுக் கைலித் துண்டுகள். அவர் ஊருக்கு வந்தால் கட்டட்டும் என்று எடுத்துவைத்திருந்த கைலிகளை, நல்ல துணி அவர் முதுகுக்கு இருக்கட்டுமென்று நஃபீசா வெட்டியிருந்தாள். வெட்டுவதற்கு அளவாக வைத்த அட்டையைப் பழைய துண்டின் மேல் வைத்தாள், சரியாக இருந்தது. புதுத் துண்டு ஒரு விரல் அளவு குறைந்திருந்தது.

தப்பு குமிழில் இல்லை. அதன் பக்கத்தில் தட்டையாகக் கிடந்த துண்டில் இருந்தது. தறியில் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு நிறுத்திய நூல், தண்ணீர் பட்டதும் தன் இயல்பான நீளத்துக்குத் திரும்புகிறது. புதுத் துண்டு சுருங்கும்போது, சுருங்கி முடித்த பழைய துண்டுக்கு இடம் போதாது. அது மேலே எழும்புகிறது.

நஃபீசா புதுத் துண்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு, பலமுறை துவைத்த தன் பருத்திச் சேலையை அந்த இடங்களில் வைத்துத் தைத்தாள். அடுத்த முறை துவைத்துக் காயப்போட்டபோது விரிப்பு சமமாகவே கிடந்தது. புதுத் துணியைச் சேர்ப்பதானால், வெட்டுவதற்கு முன்பே வெந்நீரில் ஊறவைத்து, துவைத்துக் காயவைத்து, முழுக்கச் சுருங்க விட்டுவிட வேண்டும்.